அடுப்படியில் நிற்பவரைக் கேளுங்கள்

சென்னை ஆதம்பாக்கத்தில் 1960-களிலும் 70-களிலும் எழுந்த தனி வீடுகளை மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் ஓர் அடையாளம் தெரியும். பின்மூலையில் மார்பளவு உயரத்துக்கு ஒரு செங்கல் கூண்டு நிற்கும். அதன் தலையில் ஆஸ்பெஸ்டாஸ் குழாய், குழாயின் மேல் ஒரு தொப்பி. நேர் கீழே சமையலறை. விறகடுப்பின் புகையை வாங்கி வானத்துக்கு அனுப்ப வைத்த புகைபோக்கி அது. 1958-இல் வந்த கிண்டி தொழிற்பேட்டையில் வேலைக்குப் போனவர்கள், ரயில்வேக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று மாதச் சம்பளக்காரர்கள் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள் அவை. வாசலில் திண்ணை வைக்கக் கையில் காசு இல்லாதவர்கள்கூட அடுப்படிக்குப் புகைக்கூண்டு வைத்தார்கள்.

இன்று அந்த வீடுகளில் பாதிக்கு மேல் அடுக்குமாடிகளாகிவிட்டன. மிச்சம் நிற்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒரு நாள் ஒரு பேச்சு எழும். ஐம்பது வருஷக் கூண்டை இடித்துவிட்டு மின்சாரச் சிம்னி மாட்டுவதா, பூசி மெழுகிக் காப்பாற்றுவதா? எங்கள் வீட்டிலும் எழுந்தது. நாலு பேர் நாலு விதமாகப் பேசினோம். அந்தப் பேச்சில் நான் கற்றுக்கொண்டது சுவருக்கும் குழாய்க்கும் அப்பாற்பட்டது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்த அடுப்படி எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும், இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது.

என் மாமியார் தானே பக்கத்தில் நின்று கட்டவைத்த அடுப்படி அது. இடுப்புயர மேடை, அதன்மேல் மண்ணும் செங்கல்லும் வைத்துப் பூசிய விறகடுப்பு, ஒட்டினாற்போல் ஒரு கொடியடுப்பு. பெரிய அடுப்பில் சோறு கொதிக்கும்போது மிஞ்சும் அனலில் கொடியடுப்பில் பருப்பு வேகும். மேடைக்கு மேல் சுவரிலிருந்து சாய்வாக இறங்கும் கூண்டு, புகையைக் கூட்டி மேலே தள்ளும். விறகு, தெருமுனை விறகுத்தொட்டியிலிருந்து வரும். எடைபோட்டுக் கொடுத்த சவுக்குக் கட்டைகள். கடற்கரை மணலில் சவுக்கு வளர்த்துப் பட்டணத்து அடுப்புக்கு அனுப்புவது வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே நடந்த தொழில். காய்ந்த சவுக்கு நின்று எரியும், புகை குறைவு. மழைக்காலத்தில் வந்து சேரும் ஈரக்கட்டை இருக்கிறதே, அது அழவைத்துவிடும். ஊதுகுழலை வாயில் வைத்து ஊதி ஊதித்தான் சமையல்.

கல்யாணமாகி வந்த புதிதில் நானும் அதன் முன்னால்தான் நின்றேன். மாமியாரின் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். ராத்திரியில் விட்டுவிட்டு இருமுவார். எனக்குக் கண் எரிந்து நான் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொள்ளும்போது, “பழகிடும்மா” என்பார். கோபமாகச் சொன்னதில்லை. தன் மாமியார் தன்னிடம் சொன்னதைத்தான் அன்போடு எனக்குக் கொடுத்தார். அவருடைய தாய்வீட்டில் கூண்டே கிடையாதாம். கூரையின் ஓடுகளுக்கு இடையில் வழி கண்டு புகை போக வேண்டுமாம். ஆகவே இந்தச் செங்கல் கூண்டு அவருக்குப் பெரிய பாக்கியம். வருகிற விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

பிறகு எல்லா வீட்டிலும் நடந்ததுதான். மண்ணெண்ணெய் ஸ்டவ், மரத்தூள் அடுப்பு, கடைசியில் கேஸ். இந்தியாவில் சமையல் கேஸ் முதலில் 1955-இல் பம்பாயில் பர்மா ஷெல் கம்பெனி மூலம் வந்தது. இண்டேன் சிலிண்டர் 1965 அக்டோபரில் கல்கத்தாவில் தொடங்கியது. ஆனால் ஆதம்பாக்கம் போன்ற இடங்களில் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். எம்.பி. கோட்டாவில் கூப்பன் கிடைக்குமா என்று அலைந்தவர்கள் உண்டு. எங்கள் வீட்டுக்குச் சிலிண்டர் வந்த அன்று மாமியார் அதற்குக் குங்குமம் வைத்தார். விறகடுப்பு மூலைக்குப் போனது. கூண்டு மட்டும் அதே இடத்தில் இருந்தது. அதன் கீழேயே கேஸ் அடுப்பை வைத்தோம்.

அந்த விறகுப் புகை என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உலகமே அதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1980-களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களுக்குப் போய், அடுப்பு முன் உட்கார்ந்த பெண்கள் எவ்வளவு நுண்தூசியைச் சுவாசிக்கிறார்கள் என்று கருவி வைத்து அளந்தார். காற்று மாசு என்றால் தொழிற்சாலைப் புகைக்கூண்டு, லாரிப் புகை என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. வீட்டுக்குள், அதுவும் சோறு பொங்கும் இடத்தில், அதைவிட மோசமான காற்று இருக்கிறது என்று அவர் காட்டினார். 2020-இல் காலமாகும்வரை அவர் இதை விடவில்லை. நம் சென்னையில், ஆதம்பாக்கத்திலிருந்து அதிகத் தூரமில்லாத போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில், டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் தமிழ்நாட்டுக் கிராமத்து அடுப்படிகளில் இதே வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார். வீட்டுக்குள் எரியும் விறகு, சாணம், கரியின் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. கண்புரை, மூச்சுக்குழாய் அடைப்பு, இதயநோய் என்று அந்தப் புகை தரும் நோய்களின் பட்டியல் போகிறது. அதைப் படித்தபோது மாமியாரின் இருமல்தான் என் காதில் கேட்டது.

கேஸ் அடுப்பு வந்ததோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விறகோடு ஒப்பிட்டால் கேஸ் எவ்வளவோ மேல், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நம் சமையல் எண்ணெயும் மிளகாயும் சேர்ந்தது. காய்ந்த எண்ணெயில் கடுகு வெடித்து மிளகாய் வற்றல் கருகும் அந்த ஒரு நிமிஷத்தில் எழும் ஆவியும் நுண்தூசிதான். கேஸ் எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடும் வரும். தீபாவளிக்கு முறுக்குச் சுடும் நாளில் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களே தும்முகிறார்களே, அடுப்பு முன் நிற்பவர் கதி என்ன?

ஆக, புகை வெளியே போக ஒரு வழி இன்றைக்கும் வேண்டும். எங்கள் வீட்டுக் கூண்டு அந்த வழியாக இருந்ததா என்பதுதான் கேள்வி.

செங்கல் புகைபோக்கி வேலை செய்யும் விதம் எளிமையானது. சூடான காற்று லேசானது, மேலே ஏறும். கூண்டுக்குள் இருக்கும் காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் சூட்டில் எவ்வளவு வித்தியாசமோ, குழாய் எவ்வளவு உயரமோ, அவ்வளவு வேகமாக இழுக்கும். விறகடுப்பு கூண்டை நன்றாகச் சூடாக்கும். இழுப்பும் பலமாக இருக்கும். கேஸ் அடுப்பின் சின்ன நெருப்பால் அத்தனை பெரிய செங்கல் கூண்டைச் சூடாக்க முடியாது. இது முதல் குறை. இரண்டாவது குறை எங்கள் தெருவில் வந்தது. பக்கத்து மனையில் இருந்த ஓட்டு வீடு போய், கீழே வண்டி நிறுத்தும் இடமும் மேலே மூன்று தளமுமாக ஒரு கட்டடம் எழுந்தது. எங்கள் குழாயின் தலையைவிட அவர்கள் சுவர் இரண்டு ஆள் உயரம் அதிகம். காற்று அந்தச் சுவரில் மோதிக் கீழே சுருண்டு எங்கள் குழாய்க்குள்ளேயே இறங்க ஆரம்பித்தது.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. ஒரு மத்தியானம், அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கூண்டுக்கு அடியில் பிடித்தேன். நல்ல புகைபோக்கி என்றால் அந்த நூல் புகை நிமிர்ந்து மேலே ஓட வேண்டும். அது ஒரு முழம் ஏறியது, தயங்கியது, அங்கேயே வட்டம் போட்டுவிட்டு என் முகத்துக்குத் திரும்பி வந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தேன், மூடி வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் கூடக் குறைய, அதே கதைதான். கூண்டின் உட்புறத்தில் விரலை வைத்தால், பழைய விறகுப் புகையின் கரியும் கேஸ் காலத்து எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து தார் போல ஒட்டிக்கொண்டு வந்தது. கூண்டு தன் வேலையை மறக்கவில்லை. அதற்குக் கொடுத்த நெருப்பு மாறிவிட்டது, அதைச் சுற்றி ஊர் உயர்ந்துவிட்டது.

வீட்டில் பேச்சு தொடங்கியது. என் மகன் ஒரே வார்த்தையில் முடித்தான்: “இடிச்சிடலாம்மா. மாடுலர் கிச்சன் போட்டு, நல்ல சிம்னி ஒண்ணு மாட்டிடலாம்.” என் கணவருக்கு ஆட்களைக் கூப்பிட்டு வீட்டை இடிப்பதே பிடிக்காது, பூசினால் போதும் என்றார். மாம்பலத்தில் இருக்கும் என் நாத்தனாருக்குச் செய்தி போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டாள். “அண்ணி, எங்கம்மா நின்னு கட்டவச்சது. அந்த அடுப்படிய பாத்தாதான் எனக்கு அம்மா வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. அத மட்டும் இடிக்காதீங்க” என்று கண்கலங்கினாள். அவள் சொன்னதில் பொய்யே இல்லை. அந்த மேடை ஓரத்தில் உட்கார்ந்து பாடம் படித்து வளர்ந்தவள் அவள். தாய் போன பிறகு பெண்களுக்குத் தாய்வீடு என்று மிஞ்சுவது இப்படி ஒரு மூலைதான். அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அன்று கூடத்தில் உட்கார்ந்து வாதாடிய எல்லோரையும் பார்த்தேன். மகன் காலையில் அலுவலகம் போனால் இரவு வருகிறான். கணவர் காபிக்கு மட்டும் சமையலறை வாசல்வரை வருவார். நாத்தனார் வருஷத்துக்கு ஓரிரு முறை வருகிறாள். நானும் முட்டிவலி வந்த பிறகு அடுப்பு முன் நிற்பதைக் குறைத்துவிட்டேன். விடியற்காலையில் எழுந்து அங்கே நிற்பவள் என் மருமகள். அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு வந்து மத்தியானச் சமையலை முடிப்பவர் சமையலுக்கு வரும் அம்மா. அவர்கள் இரண்டு பேரும் அந்தக் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. ஒருத்தி காபி கலந்துகொண்டிருந்தாள். இன்னொருவரை யாரும் கூப்பிடக்கூட இல்லை.

மருமகளைக் கேட்டேன். “பரவால்ல அத்தை, நீங்க எல்லாரும் என்ன முடிவு பண்றீங்களோ பண்ணுங்க” என்றாள். இந்தப் பதிலை நம் வீட்டுப் பெண்கள் எத்தனை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்! என் மாமியாரின் “பழகிடும்மா” என்பதும் இதுவும் ஒரே குரல்தான். கூடத்தில் வைத்துக் கேட்டால் இதுதான் பதிலாக வரும். அதனால் மறுநாள் காலை அவள் தாளிக்கும் நேரத்தில் அடுப்படிக்குப் போய், பக்கத்தில் நின்றுகொண்டு மறுபடி கேட்டேன். அப்போது சொன்னாள். மிளகாய் தாளித்தால் இருமல் வருகிறது, அதனால் குழந்தைக்குச் சாப்பாடு கட்டுகிற அவசரத்தில் தாளிதத்தையே பல நாள் விட்டுவிடுகிறாள். கூண்டின் விளிம்பு தாழ்வாக இருப்பதால் குனிந்தே நிற்க வேண்டியிருக்கிறது, கழுத்து வலிக்கிறது. மழை பெய்தால் குழாய் வழியாகக் கரித்தண்ணீர் அடுப்பில் சொட்டுகிறது. இத்தனையும் அவள் மனதில் இருந்திருக்கிறது.

சமையலுக்கு வரும் அம்மாவோ நாங்கள் யாரும் நினைக்காத ஒன்றைச் சொன்னார். “புகைகூட பரவால்லம்மா. சூடுதான் தாங்கல. சித்திரை வைகாசியில அந்தக் கூண்டு, அனலை எல்லாம் பிடிச்சு வச்சுக்குது. ஜன்னல் என் தலைக்கு மேல இருக்கு, காத்தே வராது.” சின்ன ஜன்னல் அது. விறகடுப்பில் காற்றடித்தால் தீ அலையும் என்று அந்தக் காலத்தில் வேண்டுமென்றே உயரத்தில் வைத்தது. விறகு போய் எத்தனையோ வருஷமாகியும் அந்த ஜன்னலைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அவர் சொல்லாவிட்டால் சிம்னியை மாட்டிவிட்டு ஜன்னலை அப்படியே விட்டிருப்போம்.

அதற்குப் பிறகுதான் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்தோம். இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டிய இடம் இது. அதற்கு முன்பே வந்து பார்த்த ஒரு கொத்தனார், “உள்ள இருக்குற கூண்ட மட்டும் தட்டி எடுத்துடலாம், மேல இருக்குறது இருக்கட்டும், செலவு மிச்சம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பொறியாளர் அதைக் கேட்டதும் கையை உயர்த்தித் தடுத்தார். மாடியில் நிற்கும் செங்கல் தூணின் பாரம் முழுக்கக் கீழே உள்ள கூண்டின் மேலும் அதைத் தாங்கும் சின்னக் கான்கிரீட் பலகையின் மேலும்தான் இறங்குகிறது. அடியை எடுத்துவிட்டால் மேலே இருப்பது அந்தரத்தில் தொங்கும். இன்றைக்கு நிற்கும், ஒரு மழைக்காலத்தில் தலையில் விழும். இடிப்பதானால் மாடியிலிருந்து, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரிசையாகக் கழற்றிக்கொண்டு வர வேண்டும்.

அந்தக் கான்கிரீட் பலகையை அவர் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் கணீரென்றது. சில இடத்தில் பொத்தென்று கேட்டது. பொத்தென்ற இடத்தில் கொஞ்சம் பெயர்த்ததும் பூச்சு அப்படியே தகடாக வந்து, உள்ளே கம்பி துருப்பிடித்து இலை இலையாகப் பிரிந்திருந்தது தெரிந்தது. மழைத்தண்ணீர் குழாய் வழியே இறங்கி இறங்கிக் கம்பியை அரித்திருக்கிறது. துரு ஏறிய கம்பி பருக்கும், பருத்துச் சுற்றியுள்ள கான்கிரீட்டை வெடிக்கவைக்கும். மாடியில் கூண்டின் விரிசலில் ஓர் அரசங்கன்று வேர்விட்டிருந்தது. பார்க்கப் பச்சையாக, அழகாகத்தான் இருந்தது. அதன் வேர் செங்கல்லை நெம்பிக்கொண்டிருந்தது. பூசி மெழுகினால் போதும் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. என் கணவரே கிட்டே வந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

ஆஸ்பெஸ்டாஸ் குழாயைப் பற்றியும் அவர் எச்சரித்தார். அதை உடைக்கவோ ரம்பத்தால் அறுக்கவோ கூடாது. அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயைக்கூடக் கொண்டுவரும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முழுசாகக் கழற்றி, பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி எடுக்க வேண்டும். வேலை செய்பவர் முகமூடி போட வேண்டும். வேலைக்காரர்கள் இதற்கெல்லாம் சிரிப்பார்கள். நாம் பக்கத்தில் நின்று வற்புறுத்த வேண்டும். அவர்கள் மூச்சும் மூச்சுதான்.

இன்னொரு யோசனையும் வந்தது. சிம்னி விற்பவர் ஒருவர், புது இயந்திரத்தின் குழாயைப் பழைய கூண்டுக்குள்ளேயே சொருகிவிடலாம் என்றார். கேட்க நன்றாக இருந்தது, பழையதும் இருக்கும், புதியதும் வரும். பொறியாளர் அதையும் வேண்டாம் என்றார். அகலமான செங்கல் கூண்டுக்குள் போனதும் சூடான எண்ணெய் ஆவி குளிர்ந்து சுவரெல்லாம் பிசுக்காகப் படியும். அந்தப் பிசுக்கில் ஒரு தீப்பொறி பட்டால் உள்ளேயே எரியும். விரிசல் வழியாகப் புகை மறுபடி வீட்டுக்குள்ளே கசியும்.

பழையதின் மேல் உள்ள பாசம் நமக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். லண்டன் மக்களுக்கு வீட்டுக் கணப்பு என்றால் உயிர். குளிரில் குடும்பமே அதன் முன் கூடி உட்காரும். 1952 டிசம்பரில் ஐந்து நாள், அந்தக் கணப்புகளின் நிலக்கரிப் புகையும் தொழிற்சாலைப் புகையும் மூடுபனியோடு சேர்ந்து ஊரை மூடிக்கொண்டது. முதல் கணக்கில் 4,000 பேர் இறந்தார்கள் என்றார்கள்; பின்னால் ஆராய்ந்தவர்கள் 12,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகையில்லாத எரிபொருளுக்கு மாறும் வீடுகளுக்குச் செலவில் ஒரு பங்கை அரசாங்கமும் நகராட்சியும் கொடுத்தன. மனசு வராமல்தான் மாறினார்கள். மாறினார்கள் என்பதால் இன்று அந்த ஊரில் வானம் தெரிகிறது.

இப்படி மாறியதற்கு எங்கள் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ஆலந்தூர் நகராட்சியாக இருந்தபோது, அதில் அடங்கிய ஆதம்பாக்கம் வீடுகளில் எல்லாம் செப்டிக் டேங்க்தான். ஆர்.எஸ்.பாரதி நகராட்சித் தலைவராக இருந்த காலத்தில், பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் மக்களே கட்டினோம். கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாய்க்கு எதற்கு அவ்வளவு பணம் என்று கேட்டவர்கள் உண்டு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேலை நடந்தது. 2011-இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அந்தக் குழாய்கள் இன்றும் இருக்கின்றன. வீட்டுக்குள் வருகிற அசுத்தத்தை வெளியே அனுப்பும் வழிக்குச் செய்யும் செலவு, வாசலில் கிரானைட் பதிக்கும் செலவைப் போல யார் கண்ணிலும் படாது. அதனாலேயே தள்ளிப்போடுவோம்.

இந்தியாவில் புகையில்லா அடுப்பு முயற்சியையும் அப்படித்தான் கவனிக்காமல் விட்டோம். ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி.ராஜு 1950-களின் தொடக்கத்திலேயே குழாய் வைத்த புகையில்லா அடுப்பை வடிவமைத்துப் புத்தகமும் எழுதினார். 1980-களில் மத்திய அரசு தேசிய அளவில் மேம்பட்ட அடுப்புத் திட்டம் நடத்தி, கோடிக்கணக்கில் அடுப்புகளைக் கொடுத்து, 2002-இல் நிறுத்தியது. பல வீடுகளில் அடுப்பு வந்தது, குழாயைச் சுத்தம் செய்யவும் பழுது பார்க்கவும் யாரும் வரவில்லை. சமைக்கும் பெண்ணுக்கு எது வசதி என்று கேட்காமலே பல வடிவங்கள் செய்யப்பட்டன. கொடுத்ததோடு கடமை முடிந்தது என்ற நினைப்பு அங்கேயும் இருந்தது, நம் வீடுகளிலும் இருக்கிறது.

கடைசியில் எங்கள் வீட்டில் செய்தது இதுதான். கூண்டை மாடியிலிருந்து கீழ்வரை முழுசாக இறக்கினோம். துருப்பிடித்த பலகை போனது. கூரையில் ஏற்பட்ட திறப்பைக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டு மூடி, மேலே தட்டோடு பதித்தோம். ஜன்னலைச் சமையலுக்கு வரும் அம்மாவின் தோள் உயரத்துக்கு இறக்கி, இரண்டு மடங்கு அகலமாக்கினோம். மின்சாரச் சிம்னி வாங்கினோம். குழாய் வைத்து வெளியே தள்ளும் வகைதான் வாங்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். குழாயில்லாமல் கரி வடிகட்டியில் சுற்றிவிடும் வகை, வாசனையைக் குறைக்கும், சூட்டையும் ஈரத்தையும் வீட்டுக்குள்ளேயே திருப்பி விடும். குழாய் நேராக, முடிந்த அளவு வளைவில்லாமல் வெளிச்சுவரைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு வளைவும் இழுப்பைக் குறைக்கும். வெளிமுனையில் புறா கூடு கட்டாமல் இருக்க வலை போட்ட மூடி. அடுப்பிலிருந்து எத்தனை உயரத்தில் மாட்டுவது என்பதைக் கம்பெனிக் குறிப்பையும் மருமகளின் உயரத்தையும் வைத்து முடிவு செய்தோம்.

குழாயை எந்தச் சுவர் வழியாக விடுவது என்பதில் ஒரு நாள் முழுக்கப் பேசினோம். சுலபமான வழி பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்த சுவர். ஆனால் அங்கே முதல் தளத்தில் ஒரு படுக்கையறை ஜன்னல் இருக்கிறது. நம் வீட்டு மீன் குழம்பு வாசனையும் எண்ணெய் ஆவியும் இன்னொருவர் தூங்கும் அறைக்குள் போகலாமா? கொஞ்சம் கூடுதல் செலவானாலும் பின்பக்கம் கிணற்றடி நோக்கி விட்டோம். அடுக்குமாடிகளில் இந்த அக்கறை அடியோடு போய்விட்டதைப் பார்த்து எனக்கு வருத்தம் உண்டு. எங்கள் வீட்டில் புகை போனால் போதும், அது யார் வீட்டில் நுழைந்தால் என்ன என்று குழாயை நீட்டிவிடுகிறார்கள்.

நாத்தனாரின் ஆசையை நாங்கள் உதறவில்லை. கூண்டிலிருந்து கழற்றிய நல்ல செங்கல்களை எடுத்துக் கொல்லைப்புறத்தில், தகரக் கூரைக்கு அடியில், மாமியார் போட்ட அதே அளவில் ஒரு விறகடுப்பு, கொடியடுப்போடு கட்டினோம். அளவு சொன்னவள் அவள்தான். கொத்தனார் பக்கத்தில் நின்று, “அம்மா இந்தப் பக்கம் கொஞ்சம் சரிவா வைக்கச் சொல்வாங்க” என்று சொல்லிச் சொல்லிக் கட்டவைத்தாள். அதற்கு ஒரு பயனும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சிலிண்டர் வண்டி வராமல் பட்டோம். மறுவருஷம் டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்து மின்சாரம் போனபோது தெருவெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. மின்சாரச் சிம்னி அப்படிப்பட்ட நாளில் ஒரு தகரப் பெட்டிதான். திறந்த வெளியில் ஓர் அடுப்பு இருந்தால் நாலு வீட்டுக்குக் கஞ்சி வைக்கலாம். ஆனால் அந்த அடுப்பைத் தினசரிச் சமையலுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லியே கட்டினோம்.

புதிது வந்ததும் ஒரு புது ஆபத்தும் சேர்ந்து வருகிறது, அதையும் பெரியவள் என்ற உரிமையில் சொல்லிவிடுகிறேன். சிம்னி மாட்டியதும் ஜன்னலை மூடிவிடுகிறார்கள். உள்ளே காற்று வந்தால்தான் வெளியே காற்று போகும். மூடிய அறையில் இயந்திரம் சத்தம் போடும், வேலை செய்யாது. சிம்னியைத் தாளிப்பதற்கு முன்பே போட வேண்டும், அடுப்பை அணைத்த பிறகும் சில நிமிஷம் ஓடவிட வேண்டும். வடிகட்டியைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவும் வேலையை வீட்டு ஆண்கள் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் என் மகன்தான் செய்கிறான். குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் வெண்டிலேட்டரை அட்டை வைத்து அடைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிருக்குப் பயந்து அறைக்குள் கரி மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு வீடுகளுக்கு மேல் இன்று சுத்தமான எரிபொருளில் சமைக்கின்றன. 2006-இல் ஆட்சிக்கு வந்த அரசு ஏழைகளுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுத்ததற்கும், 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. மிச்சமுள்ள வீடுகளில் இன்னமும் யாரோ ஒரு பெண் ஈரக்கட்டையை ஊதிக்கொண்டிருக்கிறாள். சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் அந்தப் பெண்களின் எண்ணிக்கை கூடிவிடுமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல் பக்கம் இப்படிக் கூண்டு வைத்த வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டு, அதைத் தாங்கும் பலகையைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வரும்போது வீட்டில் சமைப்பவரும் கூட இருக்கட்டும். சமையலுக்கு ஆள் வைத்திருந்தால், அவர் வருகிற நேரமாகப் பார்த்துப் பொறியாளரை வரச்சொல்லுங்கள்.